மெமரி இல்லையென்று சொன்னேன்

போன மாதம் நம்ம செட் எல்லாரும் ராஜபாளையத்தில் கூடிச் சாப்பிட்டோமே, அன்றைக்கு நம்ம வகுப்பு லீடர் மைக்கைப் பிடித்து என்னைக் காட்டி, "இந்த ஊர்லயே மொதமொதல்ல கம்ப்யூட்டர் கேம் எழுதினவ நம்ம செட்டுக்காரிதான்" என்று சொன்னாள். நீங்கள் எல்லாரும் கை தட்டினீர்கள். நானும் எழுந்து நின்று ஒரு கும்பிடு போட்டேன். அப்புறம் இலையில் விழுந்த எதுவும் எனக்கு உள்ளே இறங்கவில்லை. சுகர் கூடிவிட்டதா என்று பக்கத்தில் இருந்தவள் கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

சுகர் இல்லை. அந்தக் கேமை எழுதினது நான் இல்லை. பாதி எழுதினேன் என்று சொன்னால்கூட அது எனக்கு நானே தாராளமாகப் போட்டுக்கொள்கிற மார்க்குதான்.

எழுதினவளை உங்களில் பாதிப் பேருக்கு ஞாபகம் இருக்காது. பத்தாம் வகுப்பில் கடைசிக்கு முந்தின பெஞ்சில் ஜன்னலை ஒட்டி உட்கார்ந்திருப்பாள். மம்சாபுரத்திலிருந்து டவுன் பஸ்ஸில் வருவாள். பஸ் பிந்தினால் பிரேயர் முடிகிறவரை கேட்டுக்கு வெளியே நிற்பாள். மம்சாபுரத்துக்காரி என்றுதான் நாம் கூப்பிடுவோம். அவள் பெயரை இங்கேயும் நான் எழுதவில்லை. ஒரு தடவை அவளைக் கேட்காமல் அவள் பெயரை எடுத்தேன். இப்போது அவளைக் கேட்காமல் போடவும் கை வரவில்லை.

எண்பத்தேழாம் வருஷம். எங்கள் சித்தப்பா கப்பலில் எலக்ட்ரீஷியனாக இருந்தார். ஆடி மாதம் லீவில் வந்தபோது ஒரு அட்டைப்பெட்டி கொண்டு வந்தார். சென்ட் பாட்டில், நைலக்ஸ் சேலை என்று எல்லாரும் எதிர்பார்த்து நிற்க, உள்ளேயிருந்து வெளிர் நிறத்தில் தடியாக ஒரு டைப்ரைட்டர் கட்டை மாதிரி ஒன்று வந்தது. பேப்பர் சொருக இடம் இல்லாத டைப்ரைட்டர். அம்மா முகம் விழுந்துவிட்டது. "இதை வச்சு என்ன செய்யணும்?" என்றாள். "டிவில மாட்டணும் மதினி, பொறவு பாருங்க" என்றார் சித்தப்பா.

மாட்டினார். எங்கள் வீட்டு டிவி கறுப்பு வெள்ளை. ஆண்டெனா வயரைப் பிடுங்கி இதன் வயரைச் சொருகி, குமிழைத் திருகித் திருகிப் பார்த்தார். புழுதி மாதிரிப் பறந்துகொண்டிருந்த திரை ஒரு இடத்தில் சட்டென்று அடங்கி நாலு எழுத்து நின்றது. அதோடு ஒரு எண். மூவாயிரத்து ஐந்நூற்று எண்பத்து மூன்று. அந்த மிஷினில் நாம் எழுதுவதற்கு அவ்வளவுதான் இடம். அத்தனை எழுத்துக்கு மேல் ஒரு எழுத்து போட்டாலும் மெமரி தீர்ந்துவிட்டது என்று நின்றுவிடும். பைட் என்று சொல்ல வேண்டும். நாங்கள் கடைசிவரை எழுத்து என்றே சொன்னோம்.

அதன் வாசனை எனக்கு இன்னமும் மூக்கில் இருக்கிறது. புது ரெக்சினும் சூடான தகரமும் கலந்த ஒரு வாசனை. ஒரு மணி நேரம் ஓடினால் கரண்டுக்கு வைத்திருந்த கறுப்புப் பெட்டி கை வைக்க முடியாமல் சுடும். எழுதினதை அதோடு வந்த டேப் ரெக்கார்டரில் கேசட் போட்டுப் பதிந்து வைக்க வேண்டும். பதிவதற்கு முன்னால் கரண்ட் போனால் எல்லாம் போச்சு. அந்தக் காலத்தில் நம்ம ஊரில் கரண்ட் எத்தனை தடவை போகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

சித்தப்பா கப்பலுக்குத் திரும்பினார். மிஷினும் ஒரு இங்கிலீஷ் புஸ்தகமும் எனக்கு மிஞ்சின. புஸ்தகத்தில் இருந்ததைப் பார்த்து ஒரு ராக்கெட் கேம் அடித்தேன். மேலே போகும், கல் வரும், இடிக்கும். பள்ளிக்கூடத்தில் பீற்றிக்கொள்வதற்காகப் புஸ்தகத்தைப் பையில் போட்டுக் கொண்டு வந்தேன். நீங்கள் எல்லாரும் படம் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தீர்கள். மம்சாபுரத்துக்காரி மட்டும், "ஒரு நாளைக்கு வச்சுக்கிடவா?" என்று கேட்டாள்.

மறுநாள் புஸ்தகத்தோடு அவளுடைய கட்டம் போட்ட கணக்கு நோட்டும் வந்தது. ராக்கெட் புரோகிராமை அதில் திரும்ப எழுதியிருந்தாள், ஒரு கட்டத்துக்கு ஒரு எழுத்தாக. அவளுக்கு இங்கிலீஷ் என்னைவிடச் சுமார்தான். விளக்கத்தை விட்டுவிட்டுப் புரோகிராம் இருந்த பக்கங்களை மட்டும் படித்திருந்தாள்.

"ஏட்டி, வரி நம்பரை எல்லாம் எதுக்கு நூறு, ஆயிரம்னு போட்டுருக்கான்? ஆயிரத்துக்குப் போன்னு எழுதினா நாலு எழுத்து. ஒம்பதுக்குப் போன்னு எழுதினா ஒரு எழுத்துதானே?" என்றாள்.

மிஷினை அவள் அதுவரை கண்ணால் பார்த்ததுகூட இல்லை.

அந்த சனிக்கிழமையே அவளை வீட்டுக்குக் கூட்டிப் போனேன். அப்போதிலிருந்து தை மாதம்வரை எல்லாச் சனிக்கிழமையும் வந்தாள். மத்தியானம் சாப்பிட்டு முடித்துப் பாத்திரம் கழுவுகிற நேரத்துக்கு வருவாள், விளக்கு வைக்கும் முன்னால் போய்விடுவாள். அம்மா அவளுக்குக் காப்பி கொடுப்பதற்கு ஒரு எவர்சில்வர் டம்ளரைத் தனியாக, கொடியில் துணி காயப்போடுகிற பக்கம் கவிழ்த்தி வைத்திருந்தாள். அவள் குடித்துவிட்டு அதைத் தானே கழுவி அங்கேயே கவிழ்த்துவாள். அப்போது அது எனக்கு ஒன்றுமாகத் தெரியவில்லை. வெட்கப்படுவதற்கு எனக்கு இருபது வருஷம் ஆனது.

ராக்கெட்டை அவள் ரெண்டே தடவை ஆடினாள். "இதுல என்னட்டி இருக்கு? ராக்கெட்டை நம்ம ஊர்ல எவ பாத்தா?" என்றாள்.

"அப்ப நீ சொல்லு."

அவளுடைய அக்கா, எங்கள் அப்பா ஹெட் கிளார்க்காக இருந்த அதே நூல் மில்லில் சைடராக இருந்தாள். வரிசையாகச் சுற்றுகிற ஸ்பிண்டில்களுக்கு முன்னால் நடந்துகொண்டே இருந்து, அறுந்த நூலை எடுத்து ஒட்டிவிடுகிற வேலை. நின்றால் இன்னொரு பக்கம் அறும். அதை ஒட்டப் போனால் பின்னால் ரெண்டு அறும். வீட்டுக்கு வந்து கால் வீங்கிப் படுத்துக்கொண்டு அக்கா சொல்வதை எல்லாம் இவள் கேட்டிருக்கிறாள்.

"இருவது நூலு. நட்டுக்க நிக்கணும். கீழ ஒரு ஆளு அங்கிட்டும் இங்கிட்டும் ஓடணும். அறுந்த எடத்துக்கு நேரா போயி ஒரு பட்டனை அமுக்குனா ஒட்டிக்கிடணும். பத்து நூலு அறுந்து கெடந்துச்சுன்னா மேஸ்திரி வந்துருவாரு. ஆட்டம் முடிஞ்சுச்சு."

எனக்குச் சிரிப்பு வந்தது. நான் ஒன்பது வருஷமாக மில் சங்கு கேட்டு எழுந்திருக்கிறவள். மில்லுக்குள்ளே ஒரு விளையாட்டு இருக்கிறது என்று எனக்குத் தோன்றினதே இல்லை.

நான் டைப் அடித்தேன், அவள் சொன்னாள். உங்களிடம் நேராகச் சொன்னால் அவ்வளவுதான் என் பங்கு. நான் வேகமாக டைப் அடிப்பேன். அவள் ஒரு விரலால் எழுத்தைத் தேடுவாள், அதனால் கீபோர்டு என்னிடமே இருந்தது. கீழே ஓடுகிற ஆளுக்கு ஒரு நட்சத்திரக் குறி வைத்தோம். மேஸ்திரிக்கு இங்கிலீஷ் எம். திரையின் ஓரத்தில் அந்த எம் எட்டிப் பார்க்கும்போது எங்களுக்கே பகீர் என்று இருக்கும்.

ஐப்பசியில் ஒரு நாள் அக்காவையும் கூட்டிக்கொண்டு வந்தாள். அன்றைக்கு அக்காவுக்கு வார லீவு. தலை குளித்திருந்தாள். இருந்தும் காது மடலுக்குப் பின்னால் பஞ்சுத் துணுக்கு ஒட்டியிருந்தது. நாற்காலியில் உட்காரச் சொன்னால் மாட்டேன் என்று நின்றுகொண்டே ஆடினாள். நாங்கள் ரெண்டு பேரும் திணறுகிற ஆட்டத்தில் அவள் பாட்டுக்கு ஒட்டிக்கொண்டே இருந்தாள். அப்புறம் கையை எடுத்துவிட்டு எங்களைப் பார்த்தாள்.

"ஏன் பாப்பா, நூலு இம்புட்டு மெதுவா அறுந்துச்சுன்னா நாங்க ஒக்காந்து கதையில்ல பேசிக்கிட்டு இருப்போம்?"

மம்சாபுரத்துக்காரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பக்கத்து வீட்டு அத்தை சுவருக்கு அந்தப் பக்கமிருந்து தெலுங்கில் "ஏமி பாப்பா, ஏமி?" என்று கேட்கிற அளவுக்கு மூன்று பேரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது எனக்கு முகம் சுருங்குகிறது. அந்த ரெண்டு பேரும் என்னை நம்பித்தான் அந்த அறையில் சிரித்தார்கள்.

வேகம் கூட்டினால் இடம் போதவில்லை. அன்றிலிருந்து எழுத்து எழுத்தாகப் பிடுங்குகிற வேலை ஆரம்பித்தது. சொல்லுக்கு இடையில் விட்ட இடங்களை எடுத்தோம். மூன்று வரியை ஒரு வரியாக ஒட்டினோம். ஒரு எண் அடிக்கடி வந்தால் அதற்கு ஒரு எழுத்தைப் பெயராக வைத்தோம். ஒவ்வொரு திருத்தத்துக்கும் பிறகு, எவ்வளவு இடம் மிச்சம் என்று மிஷினிடமே கேட்கலாம், அது எண்ணாகச் சொல்லும். நான் கேட்டுத்தான் தெரிந்துகொள்வேன். அவள் நோட்டில் கட்டத்தை எண்ணி முதலிலேயே சொல்லிவிடுவாள். ஒன்றிரண்டுக்கு மேல் தப்பினது இல்லை.

கார்த்திகையில்தான் அது நடந்தது. நான் தண்ணீர் குடிக்கப் போயிருந்த நேரத்தில் அவள் சும்மா கீயைத் தட்டிக்கொண்டிருந்தாள். அஞ்சும் அஞ்சும் ஒன்றா என்று எழுதிக் கேட்டிருக்கிறாள். மிஷின் மைனஸ் ஒன்று என்று காட்டியது. அஞ்சும் ஆறும் ஒன்றா என்று கேட்டால் சைபர்.

"மிஷின் கெட்டுப் போச்சு" என்றேன் நான்.

"கெடல. செத்த இரு." நகத்தைக் கடித்துக்கொண்டு திரையையே பார்த்தாள். "ஆமான்னா அதுக்கு மைனஸ் ஒண்ணு. இல்லன்னா சைபர். அப்ப நாம எதுக்குட்டி அதுக்கிட்ட கேள்வி கேட்டு, ஆமான்னா மார்க்கைக் கூட்டுன்னு தனியா ஒரு வரி எழுதணும்? ஆளு நிக்கிற எடமும் அறுந்த எடமும் ஒண்ணான்னு கேட்டு, வர்றதை மார்க்குல இருந்து அப்படியே கழிச்சிரலாம்ல? மைனஸைக் கழிச்சா கூடத்தானே செய்யும்?"

எனக்குப் புரியவில்லை. புரிந்த மாதிரித் தலையாட்டினேன். அவள் சொன்னபடி அடித்தேன். ஓடியது. ஒவ்வொரு இடத்திலும் ஆறு ஏழு எழுத்து மிச்சம். அவள் எழுந்து நின்று பாவாடை விரிய ஒரு சுற்று சுற்றினாள். நான் சந்தோஷப்படவில்லை. என் வீட்டில், என் மிஷினில், எனக்குத் தெரியாத ஒன்று இவளுக்குத் தெரிந்துவிட்டதே என்றுதான் இருந்தது.

தை மாதம் ஸ்ரீவில்லிபுத்தூரில் பள்ளிக்கூடங்களுக்கான சயின்ஸ் எக்சிபிஷன் என்று சர்க்குலர் வந்தது. முதல் பரிசு வாங்குகிறவருக்கு சர்டிபிகேட்டோடு கோடை லீவில் மதுரையில் ஒரு காலேஜில் ஒரு மாதம் கம்ப்யூட்டர் பயிற்சி. கணக்கு டீச்சர் படிவத்தை வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்.

"மம்சாபுரத்துப் பிள்ளையும் சேந்துதானே செய்தீங்க? ரெண்டு பேர் பேரும் போட்டுரவா?"

"அவ சும்மா கூட இருந்தா டீச்சர்" என்றேன்.

டீச்சர் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார். அப்புறம் என் பெயரை மட்டும் எழுதினார். மிஷின் வைத்திருக்கிற வீட்டுப் பிள்ளைதானே செய்திருக்கும் என்று அவருக்கும் சுலபமாகப் பட்டிருக்கும்.

கேம் ஆரம்பிக்கும்போது முதலில் திரையில் எங்கள் ரெண்டு பேர் பெயரும் வரும். என் பெயர் இங்கிலீஷில் ஏழு எழுத்து, அவள் பெயர் அஞ்சு. எக்சிபிஷனுக்கு முந்தின வாரம் மில் மேனேஜர் வீட்டுக்கு வந்திருந்தார். அப்பா பெருமையாகக் கேமைப் போட்டுக் காட்டினார். "யாரு இந்த இன்னொரு பேரு?" என்று மேனேஜர் கேட்டார். அப்பா கொஞ்சம் தயங்கி, "ஸ்கூல் பிள்ளை சார். நம்ம மில்லுல ஒரு சைடரோட தங்கச்சி" என்றார். மேனேஜர் சிரித்தார். அவர் போன பிறகு அப்பா, "மிஷினு நம்மது, கரண்டு நம்மது" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சட்டையைக் கழற்றி மாட்டினார்.

எடு என்று அப்பா சொல்லவில்லை. அதை நான் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். வியாழக்கிழமை சாயங்காலம் நானாகத்தான் உட்கார்ந்து அவள் பெயரை எடுத்தேன். அஞ்சு எழுத்தும், நடுவில் இருந்த கூட்டல் குறியும், அதற்கு ரெண்டு பக்கமும் விட்ட இடமும். மொத்தம் எட்டு. ஓட்டிப் பார்த்தேன். திரையில் என் பெயர் மட்டும் நடுவில் நின்றது. நன்றாக இருந்தது. நன்றாக இருந்தது என்று நினைத்தேன் என்பதைத்தான் இத்தனை வருஷமும் யாரிடமும் சொல்ல முடியவில்லை.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்துக் குழாயடியில் அவளிடம் சொன்னேன்.

"கடைசில நேரம் காட்டுறதுக்கு ஒரு வரி சேத்தேன். மெமரி இல்ல. உன் பேரை எடுக்க வேண்டியதாப் போச்சு."

அவள் கை கழுவிக்கொண்டிருந்தாள். "எம் பேருக்கு எட்டுதானே?"

"எட்டுதான். அந்த எட்டுதான் இல்ல."

"வேற எங்கயாச்சும் புடுங்கிரலாம். நோட்டு பையிலதான் இருக்கு, எடுத்துட்டு வரட்டா?"

"நேரமில்லட்டி. இன்னைக்கே கேசட்டுல பதியணும்."

கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். "சரி. அங்க வாயால சொல்லிரு, ரெண்டு பேரும் செஞ்சோம்னு."

"சொல்லிருதேன்."

மறுநாள் சனிக்கிழமை காலையில் அப்பா மில் வேனை ஏற்பாடு செய்தார். டிவியைப் போர்வையில் சுற்றி வேனின் பின்பக்கம் வைத்து, ஆடாமல் இருக்க நாங்கள் ரெண்டு பேரும் ரெண்டு பக்கமும் பிடித்துக்கொண்டோம். அப்பா முன்னால் உட்கார்ந்தார். மிஷின் என் மடியில். கேசட் என் சட்டைப் பையில். ஸ்ரீவில்லிபுத்தூர் போகிற வழியில் வேன் தூக்கிப் போடும்போதெல்லாம் அவள் டிவியைத் தன் நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

கோபுரம் கண்ணுக்குத் தெரிந்த இடத்தில் டிவிக்கு மேலாக எட்டி என் காதில் சொன்னாள்:

"எங்கய்யாகிட்ட சொல்லிட்டு வந்துருக்கேன். அக்கா எனக்கும் மில்லுல சொல்லி வச்சுருக்கா. பரிச்சை முடிஞ்சதும் போகணும். ஆனா அய்யா சொல்லிருக்காக, பெரிய ஆபீசர் கையால உம் பேருல ஒரு சர்டிபிகேட்டு வாங்கிட்டு வா, பதினொண்ணாப்பு சேத்து விடுதேன்னு."

நான் டிவியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அப்போதுகூட நேரம் இருந்தது. எக்சிபிஷன் நடந்த பள்ளிக்கூடத்துக்குப் போய் எல்லாவற்றையும் மாட்டி, கேசட்டிலிருந்து கேமை ஏற்றின பிறகு, நடுவர்கள் வருவதற்கு முழுசாக ஒரு மணி நேரம் இருந்தது. ஒரு வரியைத் திருத்த ஒரு நிமிஷம் போதும். டீச்சரிடம் போய் ஒரு வார்த்தை சொல்ல இன்னொரு நிமிஷம். அந்த ஒரு மணி நேரமும் நான் தலை பின்னலைச் சரிசெய்துகொண்டும் வருகிறவர்களுக்குக் கேம் காட்டிக்கொண்டும் இருந்தேன். கூட்டம் மொய்த்தது. மற்ற மேசைகளில் எரிமலையும் காற்றாலையும் இருந்தன. எங்கள் மேசையில்தான் டிவி. தெருவில் எங்கேயோ பால்கோவாவுக்குப் பால் சுண்டுகிற வாசனை ஜன்னல் வழியாக வந்துகொண்டே இருந்தது. அவள் கூட்டத்துக்குப் பின்னால், சுவரோடு ஒட்டி நின்றாள். டிவி சூடாகிவிடாமல் இருக்க அவ்வப்போது வந்து நோட்டால் விசிறிவிட்டுப் போனாள்.

நடுவர் மதுரையிலிருந்து வந்த ஒரு புரொபசர். மெலிந்த மனுஷர், நிதானமான பேச்சு. ரெண்டு தடவை ஆடினார். மேஸ்திரி வந்ததும் வாய்விட்டுச் சிரித்தார். அப்புறம் புரோகிராமைத் திரையில் காட்டச் சொன்னார். ஒவ்வொரு வரியாகப் படித்துக்கொண்டே வந்தவர் ஒரு இடத்தில் நிறுத்தினார்.

"இந்த வரி ரொம்ப நல்லாருக்கும்மா. மார்க்கைக் கூட்டாமக் கழிக்கிறியே, அது எப்படிக் கூடுது?"

அப்பா என்னைப் பார்த்தார். கணக்கு டீச்சர் பார்த்தார். "அது... அப்படித்தான் சார் மிஷின்ல" என்றேன்.

"அதான் எப்படின்னு கேக்கேன்."

சுவர்ப் பக்கத்திலிருந்து குரல் வந்தது. "ரெண்டும் ஒண்ணா இருந்துச்சுன்னா மிஷினு மைனஸ் ஒண்ணுன்னு சொல்லும் சார். மைனஸைக் கழிச்சா ஒண்ணு கூடும். ஒண்ணா இல்லன்னா சைபர், ஒண்ணும் ஆகாது."

கூட்டம் திரும்பிப் பார்த்தது. புரொபசர் கண்ணாடியைக் கழற்றினார். "யாரும்மா நீ? இங்க வா."

அவள் ஒரு அடி எடுத்து வைத்தாள். அதற்குள் அப்பா பேசிவிட்டார்.

"நம்ம வீட்டுக்கு வந்து போற பிள்ளை சார். இவ செய்யிறதைப் பாத்துப் பாத்து மனப்பாடம் பண்ணி வச்சுருக்கா."

அப்பாவுக்கு அது பொய் என்று தெரிந்திருக்குமா என்று நான் பல தடவை யோசித்திருக்கிறேன். தெரியாது என்றுதான் நினைக்கிறேன். சனிக்கிழமை மத்தியானம் வந்து போகிற பிள்ளையை அவர் அப்படித்தான் பார்த்திருக்கிறார். ஆனால் புரொபசர் அப்பாவோடு நிறுத்தவில்லை. என் பக்கம் திரும்பி, மெதுவாக, "அப்படியாம்மா?" என்று கேட்டார்.

உண்மையைச் சொல்வதற்கு அந்த மனுஷர் எனக்குக் கதவைத் திறந்துவிட்டு நின்றார்.

"ஆமா சார்" என்றேன்.

அவள் எடுத்து வைத்த ஒரு அடியைப் பின்னால் வைத்துக்கொண்டாள். முகத்தில் கோபம்கூட இல்லை. ஏதோ கணக்கு ஒன்று சரியாக வராத மாதிரி என்னையே பார்த்தாள்.

முதல் பரிசு எனக்குத்தான். மேடை வேறு கட்டிடத்தில் இருந்தது. ஒரு பெரிய ஆபீசர் கையால் சர்டிபிகேட் வாங்கினேன். போட்டோ எடுத்தார்கள். அப்பா எல்லாருக்கும் பால்கோவா வாங்கிக் கொடுத்தார். மூன்று மணி போல, டிவியைக் கழற்றுவதற்காக அப்பாவும் நானும் திரும்பி வந்தோம். அறையில் யாரும் இல்லை. வயர்கள் எல்லாம் வேண்டாதது எது வேண்டியது எது என்று பிரித்து, அழகாகச் சுற்றி, மேசையில் வைக்கப்பட்டிருந்தன. டிவியையும் மிஷினையும் மட்டும் அணைக்காமல் விட்டிருந்தாள்.

கேமை நிறுத்தி, எவ்வளவு இடம் மிச்சம் என்று மிஷினிடம் கேட்டிருக்கிறாள். கேள்வி ஒரு வரி. அதற்குக் கீழே மிஷின் சொன்ன பதில்: 41.

"என்னட்டி அது நாப்பத்தொண்ணு?" என்றார் அப்பா.

"ஒண்ணுமில்லப்பா" என்று சுவிட்சை அணைத்தேன். திரை நடுவில் ஒரு புள்ளியாகச் சுருங்கி, அந்தப் புள்ளியும் போனது.

அவள் மம்சாபுரம் பஸ் ஏறிப் போயிருந்தாள். அதற்குப் பிறகு எந்தச் சனிக்கிழமையும் வரவில்லை. பள்ளிக்கூடத்தில் என்னைப் பார்த்தால் ஒதுங்கிப் போகவும் இல்லை, நின்று பேசவும் இல்லை. சண்டை போட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும், நானும் பதிலுக்கு நாலு சொல்லி அவளைக் கெட்டவளாக்கியிருப்பேன். பரீட்சை எழுதினாள். நல்ல மார்க். கோடையில் நான் மதுரைக்குப் பயிற்சிக்குப் போய்த் திரும்பி வந்தபோது, அவள் அக்காவோடு மில்லுக்குப் போய்வருவதாக அப்பா சாப்பிட்டுக்கொண்டே சொன்னார். "கையி நல்ல சுறுசுறுப்பாம். மேஸ்திரி சொன்னாரு." நான் மோருக்குக் கையை நீட்டினேன்.

கேசட் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். ரெண்டு வருஷம் கழித்து வீட்டில் யாரோ அதில் பக்திப் பாட்டு பதிந்துவிட்டார்கள். மிஷின் ஒரு இடி மின்னலில் போனது. பரணில் ரொம்ப நாள் கிடந்து, வீடு மாறும்போது பழைய பேப்பர்காரனிடம் போய்ச் சேர்ந்தது. அவள் நோட்டு மட்டும் அவளிடம் இருந்திருக்க வேண்டும். இருக்கிறதா என்று கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை.

தொண்ணூற்றெட்டில் நான் ராஜபாளையத்தில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்தது உங்களுக்குத் தெரியும். உங்களில் சிலர் பிள்ளைகளைச் சேர்த்தீர்கள். அந்தக் கோடையில் ஒரு நாள் காலையில், ஏழு வயசுப் பெண்பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு அவள் வந்து நின்றாள். இளைத்திருந்தாள். செருப்பை வெளியே விட்டுவிட்டு, ஏசி அறைக் கண்ணாடிக் கதவை எப்படித் திறப்பது என்று பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஓடிப் போய்த் திறந்தேன்.

"நல்லாருக்கீகளா?" என்றாள். தலையாட்டினேன். "இன்னைக்கு லீவு. பிள்ளை கம்ப்யூட்டரைப் பாக்கணும்னு ஒரே புடி. செத்த நேரம் காட்டினீகன்னா போயிருவோம்."

பிள்ளையை ஒரு மிஷின் முன்னால் உட்கார வைத்துப் படம் வரைகிற புரோகிராமைப் போட்டுக் கொடுத்தேன். "நீயும் ஒக்காரு" என்றேன். "வேண்டாங்க" என்று நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டாள். பிள்ளை திரையில் சிவப்பாக எதையோ கிறுக்கியது. அவள் குனிந்து பிள்ளையிடம் சொன்னாள்:

"இந்த அத்தை வீட்டுலதான் அம்மா கம்ப்யூட்டர் படிச்சேன். அவியதான் சொல்லிக் குடுத்தது."

அதில் குத்தல் இருக்கிறதா என்று அவள் முகத்தைப் பார்த்தேன். இல்லை. அந்தப் பத்து வருஷத்தில் அவளுக்குள்ளேயே அது அப்படி மாறிவிட்டதா, இல்லை, பிள்ளைக்கு முன்னால் எனக்கு மரியாதை செய்தாளா, இன்றைக்கும் தெரியவில்லை. சுற்றிலும் என்னிடம் படிக்கிற பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். நான் சொல்ல வேண்டியது ஒரே ஒரு வரி. "இல்ல பாப்பா, உங்கம்மாதான் எனக்குச் சொல்லிக் குடுத்தா." அதற்குப் பதிலாக, "உங்கம்மா கெட்டிக்காரி. நீயும் நல்லாப் படிக்கணும் என்ன?" என்று பிள்ளையின் தலையைத் தடவினேன்.

போகும் முன்னால் மிஷினைக் காட்டி அவள் ஒன்று கேட்டாள்.

"இதுல எடம் எம்புட்டு இருக்கு?"

"பதினாறு எம்பி. எழுத்துக் கணக்குக்கு ஒண்ணரைக் கோடிக்கு மேல."

கண்ணை அகல விரித்தாள். அந்த ஒரு கணம் குழாயடியில் நின்ற பிள்ளையாக இருந்தாள். "அம்மாடி! அம்புட்டு எடத்தையும் வச்சு என்ன செய்தீக?"

அன்றைக்கு அந்த மிஷினில் நாங்கள் ஒரு ஜவுளிக்கடைக்கு பில் போட்டுக்கொண்டிருந்தோம்.

"பில்லு போடுதோம்" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டாள். "வாரோங்க" என்றாள். கண்ணாடிக் கதவை இந்தத் தடவை அவளே திறந்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினாள். நான் பின்னாலேயே கதவுவரை போனேன். "ஏட்டி, நில்லு" என்று கூப்பிட வாய் வந்தது. திரும்பிப் பார்த்தேன். உள்ளே பிள்ளைகள் எல்லாம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கூப்பிடவில்லை. ஏசி வெளியே போகிறதே என்று கதவைச் சாத்தினேன்.